புவேர்த்தோ வயார்த்தாவில் டாக்கோ: காலையா, மதியமா, இரவா, கடற்கரையா?

மெக்சிகோவின் பசிபிக் கரையில், பந்தேராஸ் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது புவேர்த்தோ வயார்த்தா. அங்கே போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மூன்று நாள்தான் இருப்போம். டாக்கோவுக்கு எந்தக் கடை நல்லது?" மக்காச்சோள ரொட்டியில் கறியோ மீனோ வைத்து மடித்துத் தருவதுதான் டாக்கோ. இணையத்தில் தேடினால் "சிறந்த பத்து கடைகள்" வகைப் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் காலை பதினொரு மணிக்குச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகும் கடையும், மாலை ஆறு மணிக்குத்தான் அடுப்பே மூட்டும் கடையும் அதில் அடுத்தடுத்து நிற்கும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, கடைசியில் விடுதிக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒரு உணவகத்தில் உட்காருவதுதான் பலருக்கும் நடக்கிறது.

இந்த ஊரில் டாக்கோ கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் உணவு. முதலில் வேளையை முடிவு செய்யுங்கள், அப்புறம் கடையைத் தேடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்து வழிகள் இருக்கின்றன: காலைத் தள்ளுவண்டி, மதியக் கடலுணவுக் கடை, இரவு தக்கேரியா (டாக்கோக் கடை), கடற்கரை உணவகம், வழிகாட்டியோடு உணவு நடை.

## எதை வைத்து எடை போடுவது

தோர்த்தியா. டாக்கோவின் பாதி உயிர் அந்த மக்காச்சோள ரொட்டியில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவில் தட்டி, சுடச்சுடத் தருகிறார்களா, பொட்டலத்திலிருந்து எடுத்துச் சூடு காட்டுகிறார்களா? மடித்ததும் விரிசல் விட்டால் அது பழைய ரொட்டி.

ஆள் நடமாட்டம். கூட்டம் ருசிக்கு மட்டும் அடையாளமில்லை. சட்டியில் இருப்பது சீக்கிரம் தீர்ந்து, புதிது வருகிறது என்பதற்கும் அதுதான் சான்று. வயிற்றுக்கும் அது நல்லது.

சுத்தம். பணம் வாங்கும் கையும் இறைச்சி தொடும் கையும் வேறுவேறாக இருக்க வேண்டும். பல தெருக்கடைகளில் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டித் தருவார்கள். ஒருவர் சாப்பிட்டதும் பையைக் கழற்றிவிட்டு அடுத்தவருக்குப் புதுப் பை. தண்ணீர் வசதி குறைந்த தள்ளுவண்டிக்கு இது நல்ல ஏற்பாடு. சால்சா, அதாவது தொட்டுக்கொள்ளும் காரச் சட்னி, வைத்த கிண்ணங்கள் வெயிலில் கிடக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள். மாடு வேண்டாம், பன்றி வேண்டாம், இறைச்சியே வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருக்கும். அதைப் பொறுத்து மொத்த முடிவும் மாறும்.

முழுச் செலவு. டாக்கோவின் விலை மட்டும் போதாது. வண்டிக் கூலி, காத்திருக்கும் நேரம், டிப்ஸ், நாணய மாற்றில் போகும் பணம் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

## ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை. பருவத்தைப் பொறுத்தும் தெருவைப் பொறுத்தும் ஏறி இறங்கும்.

| வழி | வேளை | விலை | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| காலைத் தள்ளுவண்டி | 8 முதல் 12 வரை | ஒன்று 20–35 பெசோ | சீக்கிரம் எழ வேண்டும். தாமதமானால் தீர்ந்துவிடும் | ஹலிஸ்கோ மாநிலத்தின் சொந்த ருசி வேண்டுவோர் |
| கடலுணவுக் கடை | 11 முதல் 5 வரை | ஒன்று 40–70 பெசோ | உறைந்த மீன், வெயிலில் நடை | மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் |
| இரவு தக்கேரியா | 6-க்கு மேல் | ஒன்று 20–35 பெசோ | வரிசை, புகை, மழை | குடும்பம், நண்பர் கூட்டம் |
| கடற்கரை உணவகம் | எப்போதும் | மூன்று கொண்ட தட்டு 200 பெசோவுக்கு மேல் | குறைந்தபட்சச் செலவு நிபந்தனை, டிப்ஸ் | முதியவர்கள், சிறு குழந்தைகளோடு வருவோர் |
| உணவு நடை | பகல் அல்லது இரவு | ஆளுக்கு 50 டாலருக்கு மேல் | அரை நாள், வழிகாட்டிக்கு டிப்ஸ் | முதல் நாள், மொழி தெரியாதவர்கள் |

## காலை: பிர்ரியாவும் கார்னிதாஸும்

கடலோர ஊர் என்றதும் எல்லோரும் மீனைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வயார்த்தா ஹலிஸ்கோ மாநிலத்து ஊர். ஹலிஸ்கோ உலகுக்குக் கொடுத்த சாப்பாடு பிர்ரியா. காய்ந்த மிளகாய் வகைகள், வினிகர், சீரகம், கிராம்பு, ஓரிகானோ எல்லாம் அரைத்துப் பூசிய இறைச்சியை மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். மூலத்தில் இது ஆட்டுக்கறி. இப்போது பெரும்பாலான கடைகளில் மாட்டுக்கறி. மாடு சாப்பிடாதவர்கள் வரிசையில் நிற்பதற்கு முன்பே "சீவோ?" என்று கேட்டுவிடுங்கள், அதுதான் ஆடு. "ரெஸ்" என்று பதில் வந்தால் மாடு.

இரண்டு விதமாகத் தருவார்கள். ஒன்று மெத்தென்ற ரொட்டியில் வைத்தது. இன்னொன்று "தொராதோ": கறிக்குழம்பின் மேலே மிதக்கும் சிவந்த கொழுப்பில் ரொட்டியைத் தோய்த்து, கல்லில் போட்டு மொறுமொறுப்பாக எடுத்தது. கூடவே ஒரு கோப்பையில் கொன்சொமே, அதாவது கறி வெந்த சாறு. அதில் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. எனக்கு மெத்தென்ற ரொட்டியும் தனிக் கோப்பைச் சாறும்தான் பிடிக்கும். கறி நன்றாக இருந்தால் அதை மொறுமொறுப்புக்குள் மறைக்கத் தேவையில்லை.

கார்னிதாஸ் பக்கத்து மாநிலமான மிச்சோவாகானின் பெருமை. பெரிய செப்புக் கொப்பரையில் பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே பொறுமையாக வேகவைத்தது. தயங்கினால் "மசீசா" என்று கேளுங்கள், சதைப் பகுதி மட்டும் வரும். "சுர்த்தீதா" என்றால் தோல், வயிறு எல்லாம் கலந்து வரும், ருசியும் அதில்தான் அதிகம். எடைக்கும் கிடைக்கும். நான்கைந்து பேர் இருந்தால் அரைக் கிலோ கறியும் ரொட்டிக் கட்டும் வாங்குவது தனித்தனியாக டாக்கோ வாங்குவதைவிட மலிவு.

இதில் பணத்தை விட நேரம்தான் விலை. சட்டி காலியானதும் கடை முடிந்தது, மறுபடி சமைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் திரண்டு வருவதால் பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பித்தியால் பகுதிக்குப் போனால் சுற்றுலாக் கூட்டமே இல்லாமல் சாப்பிடலாம். கண்ணாடியில் அந்தப் பெயர் எழுதிய நகரப் பேருந்தில் ஏறினால் போதும், டாக்ஸி வேண்டாம். மலேகோன் கடற்கரை நடைபாதைக்கு வடக்கே, "சின்கோ தே திசியேம்ப்ரே" குடியிருப்பின் தெருக்களிலும் காலைக் கடைகள் உண்டு. அங்கே நடந்தே போய்விடலாம்.

## மதியம்: மீன், இறால், புகையிட்ட மார்லின்

கடலுணவு டாக்கோ பகலில் சாப்பிட வேண்டியது. நல்ல கடைகள் முற்பகலில் திறந்து மாலை ஐந்துக்குள் மூடிவிடும். குவாலே ஆற்றுக்குத் தெற்கே, பழைய ஊர்ப் பகுதியில் நரான்ஹோ தெருவில் இருக்கும் மரீஸ்மா இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மாவில் தோய்த்துப் பொரித்த மீன் அல்லது இறால், மேலே முட்டைக்கோஸ், பக்கத்தில் வரிசையாகச் சால்சாக் கிண்ணங்கள். நல்ல கடையில் பொரித்த மாவு மெல்லியதாக இருக்கும், உள்ளே மீன் ஈரம் காயாமல் இருக்கும். மேலே மயோனைஸைக் கொட்டி மூடித் தந்தால், அந்த மீனை நம்ப வேண்டாம்.

கடலோரக் கடை என்பதாலேயே மீன் இந்தக் கடலில் பிடித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டிலிருந்து உறைந்து வரும் பாசா மீனும் பண்ணைத் திலாப்பியாவும் மெக்சிகோ முழுக்கப் புழங்குகின்றன. இறாலும் அப்படித்தான். பசிபிக் கரையில் மார்ச் வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை கடல் இறால் பிடிக்கத் தடைக்காலம். அந்த மாதங்களில் தட்டுக்கு வருவது பண்ணை இறால் அல்லது உறைந்த இறால். அதனால் அது கெட்டது என்றில்லை, பொரித்த டாக்கோவில் பண்ணை இறால் நன்றாகவே இருக்கும். "இன்று பிடித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் கவனம். "இன்று என்ன மீன்?" என்று கேளுங்கள். தயங்காமல் மீனின் பெயரைச் சொல்லும் கடையில் உட்காரலாம்.

இந்தக் கரையின் தனி அடையாளம் புகையிட்ட மார்லின் மீன். தக்காளி, வெங்காயத்தோடு உதிர்த்து வதக்கி, சில இடங்களில் பாலாடைக்கட்டி சேர்த்துத் தருவார்கள். உப்பும் புகையும் தூக்கலாக, கிட்டத்தட்டக் கறி போலவே இருக்கும். தக்கோன் தே மார்லின் என்ற கடை இதற்கே பெயர் பெற்றது. விமான நிலையத்துக்கு எதிரே, நெடுஞ்சாலையின் மேல் செல்லும் நடைபாலத்தைக் கடந்தால் அதன் கிளை ஒன்று உண்டு. விமானத்துக்கு முன் கடைசிச் சாப்பாட்டுக்குப் பலரும் அங்கே போகிறார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவது நல்லது. மெக்சிகோ சட்டப்படி கரையிலிருந்து 50 கடல் மைல் வரை மார்லின் விளையாட்டு மீன்பிடிப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஆகவே சந்தைக்கு வருவது குறைவு, மார்லின் என்ற பெயரில் சூரை மீனைப் புகையிட்டு விற்பதும் நடக்கிறது. ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மார்லின் அழிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இறாலையே கேட்கலாம், எந்தக் கடையிலும் அது இருக்கும். இறாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கல்லில் வாட்டும் "கொபெர்நதோர்" டாக்கோ வடக்கே சினலோவா மாநிலத்திலிருந்து வந்தது. காரம் ஆகாத குழந்தைகளுக்கு அதைவிட நல்ல தேர்வு கிடையாது.

## இரவு: அல் பஸ்தோர்

செங்குத்துக் கம்பியில் அடுக்கிய பன்றிக்கறி, பக்கவாட்டில் தீ, உச்சியில் ஒரு அன்னாசி. இதுதான் "த்ரொம்போ". லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இதன் மூதாதை. ஆடு போய்ப் பன்றி வந்தது, மசாலாவில் அச்சியோத்தே விதையும் காய்ந்த மிளகாயும் சேர்ந்தன. டாக்கோ போடும் தக்கேரோ கத்தியை ஒரு வீச்சு வீசிக் கறியைச் சீவி, மறு வீச்சில் அன்னாசித் துண்டைப் பறக்கவிட்டு டாக்கோவின் மேல் பிடிப்பதைப் பார்க்கவே குழந்தைகள் விழித்திருப்பார்கள்.

பசிலியோ பதியோ தெருவிலுள்ள பாஞ்சோஸ் தாகோஸ் இந்த வகையில் ஊரிலேயே அதிகம் பேசப்படுவது. அதனால் அதன் வரிசையும் நீளம். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நெரிசல் மாதங்களில் எட்டு மணிக்குப் போனால் நீண்ட நேரம் நிற்க வேண்டிவரும். கடை திறக்கும்போதே போனால் காத்திருப்பு குறையும். ஆனால் த்ரொம்போ சுற்றத் தொடங்கிச் சற்று நேரமான பிறகுதான் கறியின் ஓரங்கள் கருகி ருசி ஏறும். இரண்டுக்கும் நடுவில், திறந்து முக்கால் மணி நேரம் கழித்துப் போவதையே நான் சொல்வேன்.

அங்கே வரிசை அதிகமென்றால் ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டாம். பித்தியால் சதுக்கத்தைச் சுற்றியும், விடுதிப் பகுதிக்குப் பின்னாலுள்ள வெர்சாயெஸ் குடியிருப்பிலும் இரவுக் கடைகள் நிறைய. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: த்ரொம்போவில் தீ எரிகிறதா, கறி நேராக அங்கிருந்து ரொட்டிக்கு வருகிறதா? மசாலாக் கறியைத் துண்டுகளாகக் கல்லில் வதக்கி "பஸ்தோர்" என்று தருவது வேறு பண்டம். மதியம் இரண்டு மணிக்கு பஸ்தோர் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் அதுதான்.

அதே கடைகளில் கார்னே அசாதா, அதாவது கரியில் சுட்ட மாட்டுக்கறி கிடைக்கும். நாக்கு, குடல், சோரிசோவும் உண்டு. "கோன் தோதோ?", அதாவது எல்லாம் சேர்த்தா என்று கேட்பார்கள். தலையசைத்தால் வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டு வரும். சால்சாவை நீங்களே ஊற்றிக்கொள்ளலாம். பச்சை நிறம் தொமாத்தியோ என்ற தக்காளி போன்ற பச்சைக் காய், பெரும்பாலும் புளிப்பு. அடர்சிவப்பு பெரும்பாலும் ஆர்போல் மிளகாய். இந்த மாநிலத்து யவாலிகா ஊரில் விளையும் ஆர்போல் மிளகாய்க்கு 2018-இல் மூலப்பெயர்ப் பாதுகாப்பே (நம் புவிசார் குறியீடு போன்றது) கிடைத்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கிண்ணத்தில் இருப்பது அநேகமாக அபனேரோ. நம் காரத்துக்குப் பழகியவர்களும் அதை ஒரு சொட்டில் தொடங்குவது நல்லது.

பணம் சாப்பிட்ட பிறகுதான். பல கடைகளில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களிடமே கேட்பார்கள். சொல்லும் எண்ணை நம்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த நம்பிக்கைக்கு மரியாதையாகத் தட்டுகளை எண்ணி வையுங்கள். சில்லறைப் பெசோ அவசியம். டாலரிலும் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, ஆனால் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஏடிஎம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அங்கே போகும் பணத்தில் இன்னொருவருக்கு வயிறாரச் சாப்பாடு வாங்கலாம்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் கொட்டும். அன்று தள்ளுவண்டிகள் வராது. அந்த மாதங்களில் போகிறவர்கள் கூரையுள்ள தக்கேரியா ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## கடற்கரை உணவகம்

லோஸ் முவேர்த்தோஸ் கடற்கரையில் மணலில் மேசை போட்டு, ஆங்கிலப் பட்டியலோடு வரவேற்கும் இடங்கள். டாக்கோவுக்காக இங்கே போக வேண்டியதில்லை. நிழல், நாற்காலி, கழிப்பறை, அலை என்று இவற்றுக்காகப் போகலாம், அவை விலை கொடுக்கத் தகுந்தவைதான். முழங்கால் வலியுள்ள பெற்றோரை நடைபாதை ஓரத்தில் நிற்க வைத்துச் சாப்பிடச் சொல்ல முடியாது.

நாற்காலிக்கு "கொன்சூமோ மீனிமோ", அதாவது இவ்வளவுக்காவது சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். உட்காரும் முன் கேளுங்கள். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம். மேசைக்கு வந்து வாசிக்கும் இசைக்குழுவை நீங்கள் அழைத்தால் பாட்டுக்குப் பாட்டு காசு. மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. மணலில் உங்கள் துண்டை விரித்து உட்கார எந்த உணவகமும் தடை சொல்ல முடியாது. குச்சியில் குத்திச் சுட்ட மீனும் இறாலும் விற்றுக்கொண்டு வருவார்கள். டாக்கோ இல்லைதான், ஆனால் கண்முன் சுட்டு எடுத்ததாக இருந்தால், அந்த மேசைகளில் வரும் டாக்கோவைவிட அதுவே மேல்.

## வழிகாட்டியோடு உணவு நடை

சுமார் மூன்று மணி நேரம், ஐந்தாறு கடைகள். தனியாக அதே கடைகளில் சாப்பிட்டால் ஆகும் செலவைவிடப் பல மடங்கு. ஆனாலும் முதல் நாளுக்கு நல்ல முதலீடு என்றே நினைக்கிறேன். எப்படிக் கேட்பது, எப்படி நிற்பது, எந்தக் கறி எது என்று பழகிவிட்டால் மீதி நாட்கள் தயக்கமில்லாமல் போகும். கடைசி நாளில் போவதில் பயனில்லை. பதிவு செய்யும் முன்பே உங்கள் உணவுக் கட்டுப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். நடுவழியில் மாற்றச் சொன்னால் பல கடைகளில் உங்களுக்குத் தர எதுவும் இருக்காது.

## சைவர்களுக்கு

காளான், நோபால் கள்ளி, வறுத்த மிளகாய், பாலாடைக்கட்டி வைத்த டாக்கோக்கள் உண்டு. ஆனால் தெருக்கடையில் கறி வதங்கும் அதே கல்லில்தான் அவையும் வரும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "தியேனே மன்தேகா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். கோதுமை ரொட்டியிலும் கொழுப்பு இருக்கலாம், மக்காச்சோள ரொட்டியே பாதுகாப்பு. கல்லைப் பகிர்வதே ஆகாது என்பவர்கள் தெருக்கடையைத் தவிர்த்து, பழைய ஊர்ப் பகுதியிலும் வெர்சாயெஸிலும் உள்ள சைவ உணவகங்களைத் தேடுவது நல்லது. சமையலறை வைத்த வாடகை வீடு எடுத்தால் இன்னும் எளிது: தோர்த்தியேரியா என்ற ரொட்டிக் கடையில் சுடச்சுடக் கால் கிலோ ரொட்டி, சந்தையில் அவகாடோவும் தொமாத்தியோவும், டாக்கோ தயார்.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது, ஆடோ மாடோ தடையில்லை என்றால் காலை பிர்ரியாவுக்குப் போங்கள். பஸ்தோர் மெக்சிகோ நகரத்திலும் கிடைக்கும், பொரித்த மீன் டாக்கோவுக்கு பாஹா கலிபோர்னியா இன்னும் பெயர் பெற்றது. பிர்ரியாவுக்கு ஹலிஸ்கோதான் தாய்வீடு.

மாடும் பன்றியும் ஆகாதென்றால் மதியக் கடலுணவுக் கடைக்கே இரண்டு முறை போகலாம், ஒருமுறை பொரித்த மீன், ஒருமுறை கொபெர்நதோர். பிள்ளைகளும் நண்பர்களுமாகப் பெரிய கூட்டமென்றால் இரவு தக்கேரியா. ஆளுக்கொரு வகை கேட்கலாம், செலவும் கையைக் கடிக்காது. வயதானவர்கள் இருந்தால் கடற்கரை மேசையில் அவர்களை உட்கார வைத்து இளநீரோ பழரசமோ வாங்கிக் கொடுத்துவிட்டு, டாக்கோவை இரண்டு தெரு உள்ளே போய்ப் பொட்டலம் கட்டி வாங்கி, அறையில் சேர்ந்து சாப்பிடுங்கள். "பாரா யெவார்" என்று சொன்னால் சால்சாவைத் தனிப் பையில் கட்டித் தருவார்கள்.

மூன்று நாள் இருப்பவர்கள் எந்தக் கிழமை எந்தக் கடைக்கு விடுமுறை என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூடும் கடைகள் நிறைய. நீங்கள் ஞாயிறு மாலை இறங்கிச் செவ்வாய் இரவு கிளம்புகிறீர்கள் என்றால், மனதில் வைத்திருக்கும் கடை அந்த நாட்களில் திறந்திருக்கிறதா என்று விடுதியில் ஒரு தொலைபேசி அழைப்பு போடச் சொல்லுங்கள்.